மூன்றாம் வகுப்பில் பாடங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்

ஒரு பென்சிலை அளவுகோலின் மேல் வையுங்கள். ஒரு முனை 3-இல் இருக்கட்டும், மறுமுனை 8-இல். எட்டு வயதுக் குழந்தைகளிடம் அதன் நீளத்தைக் கேட்டால் மூன்று விதமான விடைகள் வரும். 5 செ.மீ. என்பது சரி. 8 என்று சொல்லும் குழந்தை, பொருள் முடியும் இடத்தில் உள்ள எண்ணை வாசிப்பதுதான் அளப்பது என்று புரிந்துவைத்திருக்கிறது. 6 என்று சொல்லும் குழந்தை 3, 4, 5, 6, 7, 8 என்று கோடுகளை எண்ணியிருக்கிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் சென்டிமீட்டர் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த 6-உம் 8-உம் கணக்கு நோட்டோடு நின்றுவிடுவதில்லை. செடியின் உயரம் அளக்கும்போது வரும், கடிகாரம் பார்க்கும்போது வரும், வரைபடத்தில் தூரம் காணும்போதும் வரும். பாடவேளைக்கு ஒரு முறை புத்தகம் மாறுகிறது. ஆனால் குழந்தை மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஐந்தாறு கருத்துகளோடுதான். ஒரு பாடத்தில் கண்ணில் படும் தவறு பல நேரம் இன்னொரு பாடத்தில் முளைத்தது. மூன்றாம் வகுப்பில் என்ன கற்கிறார்கள் என்பதைப் பாடவாரியாகப் பட்டியல் போட்டுப் பார்த்தால் இது தெரியாது.

503 − 287

மூன்றாம் வகுப்புக் கணக்கு முழுவதும் இடமதிப்பின் மேல்தான் நிற்கிறது. மூவிலக்கக் கழித்தலில், அதுவும் நடுவில் சுழியம் வரும் எண்ணில், அது நன்றாகச் சோதிக்கப்படும். 503 − 287 = 216. தவறாகப் போடும் குழந்தைகளின் நோட்டுகளில் பெரும்பாலும் மூன்று விடைகளைப் பார்க்கலாம்.

384: ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 7-இலிருந்து 3 போக 4, 8-இலிருந்து 0 போக 8, 5-இலிருந்து 2 போக 3. இந்தக் குழந்தைக்கு 503 ஒரே எண் அல்ல, அடுத்தடுத்து நிற்கும் மூன்று தனி எண்கள்.

286: ஒன்றுகள் போதவில்லை என்று தெரிகிறது. பத்துகளில் ஒன்றும் இல்லாததால் நேராக நூறுகளிடம் போய் 5-ஐ 4 ஆக்கிவிட்டு, 3-ஐ 13 ஆக்கிக்கொண்டது. நூறை எடுத்துப் பத்தாகக் கொடுத்திருக்கிறது. நடுவில் 90 காணாமல் போனதை அது கவனிக்கவில்லை. பிறகு பத்துகளில் 0-விலிருந்து 8 போகாது என்றதும், பழையபடி 8 என்று எழுதிவிட்டது.

226: இது மிக அருகில் வந்த தவறு. நூறைப் பத்து பத்துகளாகப் பிரித்தது, அதிலிருந்து ஒரு பத்தை ஒன்றுகளுக்கும் கொடுத்தது. ஆனால் கொடுத்த பிறகு 10-ஐ 9 ஆக்க மறந்தது. ஒரே பத்தை இரண்டு முறை செலவழித்ததால் விடை சரியாக 10 கூடியிருக்கிறது.

மூன்று குழந்தைகளுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறிதான் கிடைக்கும். மூவருக்கும் தேவைப்படுவது வேறு வேறு உதவி. 384 போட்ட குழந்தைக்குக் குச்சிக் கட்டுகள் வேண்டும்: நூறு குச்சிக் கட்டு ஐந்து, தனிக்குச்சி மூன்று. 287 குச்சிகளை எடுத்துக் கொடு என்று சொன்னால், ஒரு கட்டைப் பிரிக்காமல் கொடுக்க முடியாது என்பதைக் கையே கண்டுபிடிக்கும். 286 போட்ட குழந்தை ஒரு நூறுக் கட்டைப் பிரித்துப் பத்துப் பத்தாகக் கட்டட்டும். அப்போது தொலைந்த ஒன்பது கட்டுகளும் தரையில் கிடக்கும். 226 போட்ட குழந்தைக்குக் குச்சியே தேவையில்லை. பிரித்த பிறகு 400 + 90 + 13 என்று எழுதி, கூட்டினால் 503 வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் போதும்.

‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லே பாதிக் குழப்பத்தைக் கிளப்புகிறது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், இங்கே யாரும் திருப்பித் தருவதில்லை. பாடநூல் சொல்லும் ‘இனமாற்றம்’ பொருளளவில் சரி, ஆனால் எட்டு வயதுக் காதுக்கு அது எதையும் காட்டுவதில்லை. ‘பிரித்துக் கொடுத்தல்’ என்று சொல்லிவிட்டால் கை செய்வதும் வாய் சொல்வதும் ஒன்றாகும்.

எண்ணுப் பெயர்களில் தமிழ் பெரும்பாலும் குழந்தையின் பக்கம்தான் இருக்கிறது. ‘பதினொன்று’ என்ற பெயரிலேயே பத்தும் ஒன்றும் கேட்கின்றன. ஆனால் 90-க்குப் பெயர் ‘தொண்ணூறு’, அதற்குள் ஒரு நூறு ஒலிக்கிறது. 900-க்குப் பெயர் ‘தொள்ளாயிரம்’, அதற்குள் ஓர் ஆயிரம். எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த வரிசை ஒன்பதில் தடம் மாறுகிறது. சொல்வதெழுதுதலில் ‘தொள்ளாயிரத்து ஐந்து’ என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை நோட்டில் ஆயிரம் எட்டிப் பார்க்கிறது என்று தெரியும். ‘இருநூற்று ஐந்து’ என்பதை 2005 என்று எழுதுவது வேறு வகை: 200 எழுதி, பக்கத்தில் 5 எழுதியிருக்கிறது. காதில் விழுந்த வரிசையில் அப்படியே எழுதிய குழந்தைக்கு 200, 5 என்ற இரண்டு அட்டைகளைக் கொடுத்து, 5-ஐ 200-இன் கடைசிச் சுழியத்தின் மேல் வைக்கச் சொன்னால் ஒரு நொடியில் விளங்கும்.

வாய்ப்பாட்டில் உண்மையில் எத்தனை?

10 × 10 வரை வாய்ப்பாடு என்றால் நூறு விடைகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று குழந்தை மலைத்துப் போகிறது. நான்கு வரிசையில் ஆறு ஆறாகப் பொத்தான்களை அடுக்கி, தாளைத் திருப்பிப் பார்த்தால் அதுவே ஆறு வரிசையில் நான்கு நான்கு. 4 × 6-உம் 6 × 4-உம் ஒன்றே என்று கண்டுகொண்டால் நூறு, 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எளிதில் வந்துவிடும். அவற்றை விலக்கினால் மீதி 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பத்திலிருந்து பெறலாம்: 9 × 7 என்பது 70-இல் ஒரு 7 குறைவு. அதையும் விலக்கினால் 15 மட்டுமே. 3, 4, 6, 7, 8 ஆகிய ஐந்து எண்களுக்குள் நடக்கும் பெருக்கல்கள் அவை. ஒரு வாரத்துக்கு மூன்று என்று எடுத்துக்கொண்டால் ஐந்து வாரம். ராகம் போட்டு ஒப்பிப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, ஆனால் ஒப்பித்தே கற்ற குழந்தை 7 × 8 கேட்டால் 7 × 1-இலிருந்து தொடங்கித்தான் வர முடிகிறது. 7 × 4 = 28, அதன் இரு மடங்கு 56 என்று வருகிற குழந்தைக்குப் பாதி வழியில் ஒரு படி இருக்கிறது.

பின்னத்துக்கு 24 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டைகளைப் போல வேறு கருவி இல்லை. அரை 12, மூன்றில் ஒன்று 8, நான்கில் ஒன்று 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3. எல்லாமே முழு சென்டிமீட்டரில் விழும். ‘நான்கு மூன்றைவிடப் பெரியது, அதனால் 1/4 தான் 1/3-ஐவிடப் பெரியது’ என்பது இந்த வயதின் நியாயமான வாதம். முழு எண்களில் இத்தனை நாள் அதுதானே உண்மையாக இருந்தது. 8 செ.மீ. துண்டையும் 6 செ.மீ. துண்டையும் அருகருகே வைத்தால் வாதம் தானாக முடியும். மூன்றாக மடிப்பது கைக்குக் கடினம். துண்டுகள் சமமாக வராது. அங்கே மட்டும் அளவுகோலால் 8, 16 என்று குறித்து மடிக்க விடுங்கள். சமமில்லாத மூன்று துண்டில் ஒன்றையும் ‘மூன்றில் ஒன்று’ என்று சொல்லிப் பழகிவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

கணக்கில் விழுந்த அடி, மொழியில் இருக்கும் காயம்

8 + 4 = □ + 5 என்ற கட்டத்தில் 12 என்று எழுதும் குழந்தைகள் ஏராளம். எல்லாவற்றையும் கூட்டி 17 என்று எழுதுவோரும் உண்டு. விடை 7. இவர்களுக்குக் கூட்டல் தெரியும். சமக்குறியைத்தான் ‘இதோ விடை வரப்போகிறது’ என்று வாசிக்கிறார்கள். ‘இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு’ என்று வாசிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இது கணிதக் குறியை வாசிக்கும் பிரச்சினை.

வார்த்தைக் கணக்கில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். ‘கண்ணனிடம் 15 பென்சில்கள் உள்ளன. இது மீனாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். மீனாவிடம் எத்தனை?’ பலர் 21 என்று எழுதுவார்கள். ‘அதிகம் என்றால் கூட்டல், மீதி என்றால் கழித்தல்’ என்று குறுக்குவழி கற்ற குழந்தை அப்படித்தான் எழுதும். விடை 9. இங்கே தேவைப்படுவது, ‘இது’ எதைக் குறிக்கிறது, எதைவிட எது அதிகம் என்று பிரித்தறியும் வாசிப்பு. இரண்டு பட்டைகளை வரைந்து, யாருடைய பட்டை நீளம் என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு எண்களைப் போடச் சொன்னால் வழி திறக்கும். இந்தக் குழந்தைக்கு இன்னும் ஐம்பது கூட்டல் கணக்கு கொடுத்துப் பயனில்லை.

வாசிப்பே தடுமாறினால் இதெல்லாம் எட்டாக்கனி. எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தையின் கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிறது. வரி முடியும்போது வரியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்று ஆங்கிலத்துக்குப் போட்ட அளவுகளைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவது தவறு. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல், ஆனால் அதற்குள் பல சொற்களின் வேலை இருக்கிறது. வேகத்தைவிட, வரியைப் பொருள் உடையாமல் பிரித்து வாசிக்கிறதா என்பதைக் கேளுங்கள்.

247 எழுத்து என்ற எண் பெற்றோரைப் பயமுறுத்துகிறது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், 216 உயிர்மெய். உயிர்மெய்களில் பெரும்பாலானவை துணைக்கால், கொம்பு போன்ற குறிகளைக் கொண்டு குழந்தை தானே கட்டிக்கொள்ளக்கூடியவை. தனிக் கவனம் கேட்பவை உகர, ஊகார வரிசைகள். கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. அடுத்த சிக்கல் கொம்பு. கண்ணுக்கு முதலில் வருகிறது, ஒலியில் பின்னால் வருகிறது. அதனால்தான் ‘கே’ எழுதச் சொன்னால் முதலில் ‘க’ எழுதிவிட்டுக் கொம்பைச் செருக இடம் தேடும் கையை எல்லா வகுப்பிலும் பார்க்கலாம். ‘கௌ’ என்பதன் கடைசிக் குறி ‘ள’ போலவே இருப்பதால் ‘கெள’ என்று வாசிப்பதும் கவனக்குறைவு அல்ல. கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு இதற்கெல்லாம் மேல். ‘வந்துட்டான்’ என்று பேசும் குழந்தை ‘வந்துவிட்டான்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. ல, ள, ழ வேறுபாடு வீட்டுப் பேச்சில் இல்லையென்றால் காதை நம்பி எழுத முடியாது. பார்த்துப் பழகித்தான் ஆக வேண்டும். இத்தகைய பிழைகளைத் தண்டனையாகப் பத்து முறை எழுத வைப்பதைவிட, அந்தச் சொற்களைப் பத்து வெவ்வேறு வாக்கியங்களில் வாசிக்க வைப்பது பலன் தரும். பிழைக்குப் பயந்த குழந்தை சின்னச் சின்ன வாக்கியமாக, தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதத் தொடங்கிவிடும். அந்த இழப்பு எந்த எழுத்துப்பிழையையும்விடப் பெரியது.

இருட்டில் உயரமாக வளர்ந்த செடி

‘செடிக்கு வெளிச்சம் தேவை’ என்ற பாடத்துக்கு இரண்டு கோப்பைகளில் பயறு விதைத்து, ஒன்றைச் சன்னலோரத்திலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைப்பார்கள். ஒரு வாரம் கழித்து அளந்தால் அலமாரிச் செடிதான் உயரம். அட்டவணையைப் பார்த்துக் குழந்தைகள் ‘இருட்டில்தான் நன்றாக வளருகிறது’ என்று எழுத, ஆசிரியர் திகைத்துப்போய், ‘புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டால், அந்த ஆண்டின் அறிவியல் அங்கேயே போய்விடும்.

நடந்தது தவறே இல்லை. விதைக்குள் வித்திலைகளில் உணவு சேமித்து இருக்கிறது. வெளிச்சம் கிடைக்காத முளை அந்தச் சேமிப்பைக் கொண்டு தண்டை மட்டும் நீட்டி வெளிச்சத்தைத் தேடுகிறது. தண்டு மெலிந்து, வெளிர் மஞ்சளாக இருக்கும். இலை விரியாது, பச்சையம் உருவாகாது. சேமிப்பு தீர்ந்ததும் சாய்ந்துவிடும். எனவே உயரம் ஒன்றையே அளந்ததுதான் குறை. தேதி, உயரம், இலைகளின் எண்ணிக்கை, நிறம் என்று நான்கு கட்டம் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரத்துக்குக் குறித்தால் உண்மை தானே வெளிவரும். ‘உயரமாக இருப்பது’ வேறு, ‘நன்றாக இருப்பது’ வேறு என்று குழந்தை தன் அட்டவணையிலிருந்தே சொல்லும்.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் நான்கு இடங்களில். கோப்பைக்கு ஒரே விதை போட்டு அது முளைக்காமல் போவது; ஐந்து விதை போடுங்கள், முந்தின இரவே ஊறவையுங்கள். கோப்பையின் அடியில் துளை இல்லாமல் நீர் தேங்கி, வேருக்குக் காற்றில்லாமல் அழுகுவது. பாசத்தில் சன்னலோரச் செடிக்கு மட்டும் தினமும் கூடுதலாக நீர் ஊற்றுவது; அப்படிச் செய்தால் வேறுபாடு வெளிச்சத்தால் வந்ததா, நீரால் வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே அளவு, தேக்கரண்டியால் அளந்து ஊற்ற வேண்டும். நான்காவது அளவுகோல். பல அளவுகோல்களில் சுழியம் விளிம்பில் இருக்காது, சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். மண்ணில் ஊன்றி அளந்தால் ஒவ்வொரு உயரத்திலும் அந்தச் சில மில்லிமீட்டர் குறையும். 3-இலிருந்து 8 வரை உள்ள பென்சிலைப் புரிந்துகொண்ட குழந்தை இதைத் தானாகக் கண்டுபிடிக்கும்.

ஐந்து செடிகளில் எதன் உயரத்தை எழுதுவது? சராசரி இந்த வயதுக்கு வேண்டாம். ஐந்து உயரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் எழுதி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு பட்டை வரைபடம். 3, 5, 9 செ.மீ. என்று உயரங்கள் இருந்தால், குழந்தை செங்குத்துக் கோட்டில் சம இடைவெளியில் 3, 5, 9 என்றே எழுதிவிடும். பட்டைகள் ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று ஏறும். 5-க்கும் 9-க்கும் இடையே இருந்த பெரிய தாவல் மறைந்துபோகும். ஒரு கட்டம் 1 செ.மீ. என்று முதலில் 0 முதல் 10 வரை எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் பட்டை. எண்களைப் பெயர்ப்பலகை போல ஒட்டாமல் இடைவெளியாகப் பார்ப்பது மறுபடியும் இங்கே தேவைப்படுகிறது.

மேலிருந்து பார்த்தல்

சமூக அறிவியலில் வகுப்பறையின் வரைபடம் வரையச் சொன்னால் முதல் தாளில் மேசைக்கு நான்கு காலும் இருக்கும். நாம் மேசையைப் பார்ப்பது பக்கவாட்டிலிருந்து. வரைபடம் கேட்பதோ யாரும் நிற்காத இடத்திலிருந்து, நேர் மேலிருந்து பார்ப்பதை. ஒரு டம்ளரைத் தரையில் வைத்து, எழுந்து நின்று குனிந்து பார்த்து, தெரிவதை வரையச் சொல்லுங்கள். வட்டம் வரும். இந்த ஒரு வட்டத்துக்கு முன் எந்த வரைபடமும் வேண்டாம்.

அடுத்தது அளவை. 8 மீட்டருக்கு 6 மீட்டர் அறை, 1 மீட்டருக்கு 1 செ.மீ. என்றால் தாளில் 8-க்கு 6 செ.மீ. தன் மேசை தனக்கு முக்கியம் என்பதால் குழந்தை அதை 3 செ.மீ. நீளத்துக்கு வரையும், அப்புறம் மற்ற மேசைகளுக்கு இடம் இருக்காது. இடம் போதாமல் தவிப்பதுதான் நல்ல பாடம், அழித்துத் தராதீர்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்தே கற்றால் வடக்கு என்பது ‘மேலே’ என்று பதிந்துவிடும். அதைக் கழற்றித் தரையில் விரித்து, திசைகாட்டியோடு பொருத்தி, வடக்குப் பார்த்து நிற்க வைத்தால் வடக்கு எதிரே வந்துவிடும். திசைகாட்டியை இரும்பு மேசை, காந்தம் இவற்றுக்கு அருகில் வைத்தால் முள் ஏமாற்றும்.

கடிகாரம் எந்தப் பாடநூலில் இருந்தாலும் எல்லாப் பாடத்துக்கும் சொந்தம். 9:40-க்குச் சின்ன முள் 10-க்கு மிக அருகில் நிற்கிறது. குழந்தை 10:40 என்று வாசிக்கிறது. 9:40-க்குத் தொடங்கி 10:15-க்கு முடிந்த விளையாட்டு எவ்வளவு நேரம் என்றால் 1015-இலிருந்து 940-ஐக் கழித்து 75 நிமிடம் என்று எழுதும் குழந்தை, கழித்தலைப் பிழையில்லாமல் செய்திருக்கிறது. நூறைப் பிரித்தால் பத்து பத்துகள் கிடைக்கும். ஒரு மணியைப் பிரித்தால் 60 நிமிடம்தான். ஒரு கோடு வரைந்து 9:40-இலிருந்து 10:00 வரை 20, அங்கிருந்து 10:15 வரை 15 என்று தாவினால் 35. ஓட்டப்பந்தயத்தில் நேரம் குறிக்கும் விளையாட்டு வேளையிலும் இதே கணக்குதான். ஓவிய வகுப்பில் தாளை மடித்துச் சமச்சீர் வெட்டும்போதும், தாளத்தை இரண்டாக, நான்காகப் பிரித்துக் கைதட்டும்போதும் பின்னம் வேறு உடையில் வந்து நிற்கிறது.

பாடவாரி மதிப்பெண் தாளில் இவை எதுவும் தெரியாது. கணக்கில் 40 வாங்கிய குழந்தைக்குக் கணக்கு டியூஷன் வைப்பதற்கு முன், அந்த விடைத்தாளை அரை மணி நேரம் பாருங்கள். வார்த்தைக் கணக்குகளைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். காதால் கேட்டதும் விடை சரியாக வந்தால் உதவி வேண்டியிருப்பது வாசிப்பில். வாசித்துக் காட்டியும் 21 என்றே வந்தால் பட்டை வரைந்து பாருங்கள். கழித்தலில் எந்தத் தவறான எண் வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அது எப்படி வந்தது என்று குழந்தையிடமே கேளுங்கள். சரியான விடைகளில் ஒன்றிரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ‘எப்படி வந்தது?’ என்ற கேள்வி தவறுக்கு மட்டுமே வரும் என்று தெரிந்துவிட்டால், குழந்தை பதில் சொல்வதை விட்டுவிட்டு ரப்பரைத் தேடத் தொடங்கும்.